உப்பில்லாக் கிழங்குச் சங்கம்

தவமணி முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு விசைப்பலகையில் எதையோ தட்டினாள். சற்று நேரத்தில் சிரிப்பு நின்றது. திரையை மட்டும் அணைத்துவிட்டுத் தேநீர் டம்ளரைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை.

பிற்பகல் நேரம். வெளியே மேகம் இறங்கி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மறைந்திருந்தது. உள்ளே நனைந்த ஸ்வெட்டர் வாசனை. அவளுக்கு அடுத்த கணினியில் உட்கார்ந்து, பூண்டியில் கேரட் விலை சரிந்ததைப் பற்றி நான் செய்தி அடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மானிட்டர் போச்சா?"

"இல்லண்ணே. சும்மாதான் அணைச்சேன்."

'சும்மா' என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் கேரட்டை மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டேன்.

பஸ்ஸில் போன செய்திகள்

கொடைக்கானலுக்கு நான் நிருபராகப் போன புதிதில் செய்தியை எப்படி அனுப்பினீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உறையில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். மலைப்பாதையில் மண் சரிந்தால், மண் சரிந்த செய்தியும் அந்தச் சரிவுக்கு மேலேயே நின்றுவிடும். பிறகு ஃபேக்ஸ் வந்தது. அதற்கும் பிறகு, இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழித்து, ஏரிக்குப் போகும் சாலையில் இந்த பிரவுசிங் சென்டர் வந்தது.

சென்டரைப் பார்த்துக்கொண்டவள் தவமணி. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊருக்குள் 'சிலோன்காரங்க'. தவமணி பிறந்தது இங்கேதான். ஆனாலும் அவளும் சிலோன்காரப் பெண்தான்.

தமிழ் எழுத்துருவைக் கணினியில் ஏற்றித் தந்தவளும் அவள்தான். என் செய்திகளை முதலில் படிப்பவளும் அவளே. 'கடும் பனிப்பொழிவு' என்று நான் அடித்தால், "இது சாதாரணப் பனிண்ணே, கடும்லாம் இல்ல" என்று தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

ரத்த அழுத்தக்காரர்கள்

அப்போது இளைஞர்கள் எல்லோரும் ஒரு நட்புத் தளத்தில் இருந்தார்கள். அது இப்போது மூடப்பட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் அதில் ஒரு குழு தொடங்கலாம். தவமணி தொடங்கிய குழுவின் பெயர் 'உப்பில்லாக் கிழங்குச் சங்கம்'. உறுப்பினர்கள் அவளைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள். கோவையில் படிப்பவர்கள், திருப்பூரில் வேலை செய்பவர்கள், கனடாவில் இருந்த ஒருவர். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள்.

குழுவில் ஒரு விளையாட்டு உண்டு. நம்ம ஆள் யார் என்று கண்டுபிடிப்பது.

'உங்கள் அம்மா தேநீரை வாயில் வைத்ததும், இது தேயில இல்ல, தூசி என்று சொல்வாரா? நீங்கள் நம்ம ஆள்.'

'கல்யாண வீட்டில் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போன மாமா இருக்கிறாரா? நம்ம ஆள்.'

'பிறந்த ஊர் எது என்று கேட்ட அலுவலர், பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்கள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாரா? நம்ம ஆள்.'

கடைசியாக உள்ளதற்குத்தான் அதிகப் பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு அது வியப்பாக இருந்தது. ஒரு தலையங்கத்தில் நாங்கள் அரைப் பக்கத்துக்கு எழுதும் விஷயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுச் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள்.

குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் உள்ளவர்களும் வந்து சேர்ந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 'சேனைக்கிழங்கை உப்பில்லாமல் எத்தனை நாள் சாப்பிட்டால் குணம் தெரியும்?' என்று கேட்டிருந்தார். அவருக்கு யாருமே உண்மையைச் சொல்லவில்லை. தவமணி மட்டும் 'சார், எங்களுக்கு இன்னும் தெரியல' என்று பதில் போட்டிருந்தாள்.

பட்டைக் காடு

உண்மை இதுதான். தவமணியின் அப்பா சுப்பையா மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோது, ஒரு தரகர் வந்து மலையில் வேலை, வீடு, நிலம் என்று சொன்னார். மலை என்றதும் இவர்கள் தேயிலை என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். இங்கே கிடைத்தது தோல் பதனிடப் பட்டை உரிக்கும் வேலை. கிழக்குச் சரிவில், மரங்களுக்கு நடுவே இலை வேய்ந்த குடிசைகள். முன்பணம் தீராமல் யாரும் இறங்கக் கூடாது. வாசலில் ஒப்பந்தக்காரரின் காவலாள்.

அதே காட்டில், அதே ஒப்பந்தக்காரரிடம் பளியர்களும் மாட்டியிருந்தார்கள். அந்த மலையின் பூர்வகுடிகள் அவர்கள். தங்கள் காட்டிலேயே அவர்கள் கூலிக்கு நின்றார்கள். இவர்களோ எந்தக் காடு என்றே தெரியாமல் நின்றார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசக் கூடாது என்பது அங்கே விதி.

ஒரு மழைக்காலத்தில் அரிசி வருவது நின்றது. பளியர்கள் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து குடிசைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்கள். உப்பு யாரிடமும் இல்லை. வெறும் கிழங்கை அவித்துத் தின்றார்கள். சில வாரங்களில், மேகம் அடர்த்தியாக இறங்கிய ஒரு மதியம், பளியர்கள் முன்னே நடக்க, சிலோன் குடும்பங்கள் முழுவதும் பழைய காட்டுத்தடம் வழியாக வத்தலக்குண்டுச் சாலைக்கு இறங்கின. அங்கிருந்து அதிகாரிகளிடம் போனார்கள். கொத்தடிமையிலிருந்து மீண்டார்கள். கூட்டிவந்த பளியர்களுக்கு அடி விழுந்தது. அந்தக் காட்டில் பிறகு வேலையும் இல்லை.

பல ஆண்டுகளாக, கார்த்திகைக் கடைசியில் இரண்டு கூட்டமும் பளியர் குடியிருப்பில் ஒன்றாக உட்கார்ந்து உப்பில்லாமல் கிழங்கு சாப்பிட்டு வந்தார்கள். கிழங்கைத் தோண்டுவது பளியர்கள். சிலோன்காரர்கள் கொண்டுபோவது ஒரு சிப்பம் கல் உப்பு. அதைக் கிழங்கில் போட மாட்டார்கள். பளியர்கள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

உப்புதான் அழைப்பும். சில நாள் முன்னதாகவே, அன்று நடந்து இறங்கியவர்களில் ஒருவர் அதைத் தோளில் சுமந்துபோய் வாசல் பாறையில் வைப்பார். பளியர்கள் உள்ளே எடுத்தால் சாப்பாடு உண்டு. எடுக்காமல் விட்டால் இல்லை. ஒரு வருடமும் உப்பு வெளியே கிடந்ததில்லை.

படம்

தவமணி அணைத்துவைத்த திரையில் இருந்தது ஒரு படம். முந்தைய வருடச் சாப்பாட்டில், அவளுடைய சித்தப்பா மகன் ரவி புதிதாக வாங்கிய கேமரா போனில் எடுத்தது. மாயன் என்ற பளியர் கிழங்கைக் கடிக்கிறார். வாய் திறந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. யாரைப் படமெடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். கீழே ரவி எழுதியிருந்தான்: 'வருஷத்துக்கு ஒரு நாள் ஓசிச் சாப்பாடு.'

தவமணி முதலில் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். சிரிப்புக்குறியும் போட்டிருக்கிறாள். பிறகுதான் எழுத்தைப் படித்தாள். அன்று மாலையே படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள்.

அதற்குள் சென்டருக்கு வந்த யாரோ அதை அச்செடுத்து ஜீப் ஸ்டாண்டில் ஒட்டிவிட்டார்கள். ஜீப் போகும் இடமெல்லாம் பேச்சும் போகும். இரண்டு நாளில் மாயனின் குடியிருப்புக்குப் போய்விட்டது.

சுப்பையா ஒரு மிஷன் பள்ளியில் தோட்ட வேலை செய்தார். விஷயம் அவருக்குத் தெரிந்த அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். ரோஜாச் செடிக்கு வைத்த எரு இன்னும் அவர் விரலில் இருந்தது.

"இந்த வருசம் யாரும் போக வேணாம்" என்றார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உப்பத் தூக்குறது?"

"நான் போறேம்ப்பா."

"நீ நடந்தவளா? அன்னைக்கு நீ பொறக்கவே இல்ல."

"போட்டோவுக்குச் சிரிச்சவ நாந்தானே?"

அவர் எழுந்தார். கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

பாறை

ஜீப் போகும் மட்டும் ஜீப்பில் போனோம். அதன் பிறகு தவமணி உப்பைத் தோளில் வைத்துக்கொண்டாள். நான் வாங்கிக்கொள்ளக் கேட்டேன். கொடுக்கவில்லை. பாதையில் யூகலிப்டஸ் இலை அழுகும் மணம். சிப்பத்தில் ஈரம் ஏறி அவள் ஸ்வெட்டரின் தோள் நனைந்துவிட்டது.

மாயன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். தவமணி பாறையில் உப்பை வைத்தாள். அவர் கோடரியை நிறுத்தவில்லை.

"அண்ணே, அந்தப் படத்த எடுத்துட்டேன். இப்ப அங்க இல்ல."

"எடுத்துட்டியா?" என்றார் விறகைப் பார்த்தே. "இப்ப அந்த எடத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"ஓசிச் சோறுன்னு எல்லாரும் படிச்சாச்சு. பெறகு நான் இருந்த எடத்துல ஒண்ணுமில்லன்னு ஆக்கிட்ட. அது யாரு கெழங்குன்னு எவனாவது எழுதுனீங்களா?"

எங்கள் பத்திரிகையிலும் தவறு வந்தால் திருத்தம் போடுவோம், உள்பக்க மூலையில், விளம்பரத்துக்குக் கீழே. தவறு முதல் பக்கத்தில் வந்திருக்கும். மாயன் கேட்டது திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவில். செய்தி ஆசிரியர் எவரும் ஒத்துக்கொள்ளாத கோரிக்கை அது.

தவமணி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "போடுறேண்ணே. அதே படம், நீங்க சொல்ற மாதிரி" என்றாள்.

அப்போதுதான் குடிசைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மாயனின் அக்கா பூவாயி. தம்பியைவிடச் சில வயது மூத்தவர். சிலோன் குடும்பங்கள் இறங்கிய அன்று அவர் சிறுமி, அவர்களோடு கீழே வரை நடந்தவர்.

"ஏத்தா, நீ மெஷினுக்காரர் மக தான?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"மெஷினா?"

"அடியாத்தி, உங்கப்பன் சொல்லலியா? வருசா வருசம் வந்து நின்னு, கண்ணு கலங்கக் கலங்கப் பேசுறாரே, கெழங்கு, காடு, உசுருன்னு. மெஷினச் சொல்றதே இல்லியா?"

அந்த மதியம், பளியர்கள் சொல்வது

சிலோன்காரர்கள் அந்த நாளைச் சொல்லும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். பளியர்கள் அதையே சொல்லும்போது சிரிக்காமல் இருக்க மாட்டார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பூவாயி பாறையில், உப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பானையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சுப்பையா மட்டும் தலையில் ஒரு கைத்தையல் மெஷினை வைத்துக்கொண்டு வருகிறார். இரும்பு மெஷின்.

"எங்கப்பன் சொல்லுது, அதப் போட்டுட்டு வாப்பான்னு. மாட்டேங்காரு. மேகம் நல்லா மூடிக் கெடக்கு, காவக்காரனுக்குக் கண்ணு தெரியாது. ஆனா காது கேக்குமில்ல? இவரு ஒரு எட்டு வச்சா அந்தச் சக்கரம் சுத்துது. கடகடன்னு. இன்னொரு எட்டு, கடகட. காட்டுக்குள்ள ரயிலு போற மாதிரி."

மாயன் கோடரியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் பலமுறை கேட்ட கதைதான். ஆனாலும் உதட்டோரம் அசைந்தது.

"பெறகு?" என்றாள் தவமணி.

"பெறகென்ன, எங்கப்பன் கைப்பிடியக் கழட்டி எங்கிட்டக் குடுத்துச்சு. தன் கம்பளிய எடுத்து மெஷினச் சுத்திக் கட்டுச்சு. மெஷினு கம்பளி போத்திக்கிட்டுச் சுகமா வருது. எங்கப்பன் மழையில நனஞ்சுக்கிட்டு முன்னால போகுது. கீழ போனதும் எல்லாரும் அழுகுறாக, கட்டிப் பிடிக்கிறாக. கைப்பிடிய யாரும் கேக்கல. நானும் குடுக்கல."

இடுப்பிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். வளைந்த இரும்பு, முனையில் மரக்குமிழ். சுக்கு தட்டித் தட்டிக் குமிழ் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது.

தவமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு மெஷினில் கைப்பிடி இருந்த இடத்தில், வத்தலக்குண்டு தச்சர் செய்துகொடுத்த ஒரு கட்டைதான் இருந்தது. கப்பலில் உடைந்துவிட்டது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"நாங்க உங்களச் சொல்லிச் சிரிக்கிறதுக்கு உங்க போட்டோ கால்வாசி" என்றார் பூவாயி. "நீங்க சிரிச்சா என்ன, சிரிங்க. ஆனா நாங்க சிரிக்கிறதுல பொய் இல்ல, பாத்துக்க."

எழுந்தார். உப்பைத் தொடவில்லை.

"நாங்க கெழங்கு தோண்டுறோம். உப்பு இங்கனயே கெடக்கட்டும். உங்கப்பன் வந்தாத்தான் உள்ள போகும். இந்தப் பனியில உப்பு எத்தன நாளைக்கு உப்பா இருக்கும்னு அவரயே கேளு."

திருத்தம்

அன்றே தவமணி படத்தை மறுபடி போட்டாள். அதே குழு, அதே இடம். 'இது மாயன் அண்ணன். கிழங்கு அவர் தோண்டியது. அன்றும் இன்றும் சாப்பிட்டது நாங்கள்' என்று எழுதினாள்.

நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ரவியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'அப்போ இத்தனை வருஷமா ஓசியில சாப்பிட்டது நாமதானா?'

அதன் கீழே கனடாக்காரர் ஒருவர் மட்டும் சிரித்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக. கேலியின் முனை அவர்கள் பக்கமே திரும்பியிருந்தது. தஞ்சாவூர் ஆசிரியர், 'இது மருத்துவக் குழு இல்லையா?' என்று கேட்டிருந்தார். மறுநாள், 'பரவாயில்லை, இருக்கிறேன்' என்று அவரே எழுதினார்.

வீட்டில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. கைப்பிடியைப் பற்றி மகள் சொன்னதும் சுப்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரும் பிள்ளையத் தூக்குனாங்க" என்றார் கடைசியில். "எனக்கு அப்பப் பிள்ள இல்ல. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த சாமானெல்லாம் வித்துட்டுத்தான் கப்பல் ஏறுனோம். விக்காம மிஞ்சுனது அது ஒண்ணு. போட்டுட்டு வான்னாரு. என்னால முடியல. அதுக்காக ஒருத்தர் நனஞ்சு வந்தாரு. அத எப்பிடி நான் எல்லார் முன்னாலயும் சொல்றது?"

"அவுங்க அதத்தாம்ப்பா சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றாங்க."

"அவுங்க சொல்லலாம்."

மழை பெய்யவில்லை. ஆனால் தினமும் மேகம் இறங்கியது. தவமணி தினமும் வெள்ளனே எழுந்து, ஜன்னலில் படிந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

கடகட

சாப்பாட்டு நாளன்று நான் முன்னதாகவே போய்விட்டேன். பாறையில் சிப்பம் பாதியாகச் சுருங்கியிருந்தது. அடியிலிருந்து உப்புநீர் கசிந்து, பாறையில் ஒரு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. உள்ளே பெரிய பானையில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மண்ணும் புகையும் கலந்த மணம்.

முதலில் சத்தம்தான் வந்தது. மேகத்துக்குள்ளிருந்து, கடகட. ஒரு நிறுத்தம். மறுபடி கடகட.

பூவாயி அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். மாயனும் வந்தார். சுப்பையா தலையில் மெஷினோடு மேகத்திலிருந்து வெளியே வந்தார். பின்னால் தவமணியும் ரவியும் மற்றவர்களும். வயதான உடம்பு. மூச்சு வாங்கியது. யாரையும் பிடிக்க விடவில்லை என்று பிறகு தெரிந்தது.

"ஏப்பா மெஷினுக்காரரே" என்றார் பூவாயி. "இப்பவும் சத்தம் போட்டுக்கிட்டுத்தான் வர்ற."

"போத்துறதுக்கு உங்கப்பா இல்லையே, தாயி."

அவர் அன்று பேசிய பேச்சு அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் எழுந்து நின்று பேசுபவர், கிழங்கு பரிமாறும்போதுகூட எழவில்லை. ரவி, மாயனுக்கு எதிரில் உட்கார்ந்து தலை நிமிராமல் தின்றான். மாயன் இன்னொரு கிழங்கை எடுத்து அவன் இலையில் வைத்தார். "ஏலே, போட்டோ எடுக்கலியா?" என்றார். ரவி போனை வெளியே எடுக்கவில்லை. மாயன் வற்புறுத்தி வெளியே எடுக்க வைத்து, வாங்கித் தானே படமெடுத்தார். தான் தின்பதை அல்ல, ரவி தின்பதை. அந்தப் படத்தில் ரவியின் வாய் திறந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் பூவாயி இடுப்பிலிருந்து கைப்பிடியை எடுத்தார். தச்சர் செய்த கட்டையைக் கழற்றிவிட்டு, அதை மெஷினில் பொருத்தினார். திருகு ஏறுமா என்று எனக்குச் சந்தேகம். ஏறியது. இரண்டு சுற்றுச் சுற்றினார். ஊசி மேலும் கீழும் போய்வந்தது. சுப்பையா தன் தோள்துண்டின் ஓரத்தை ஊசிக்கு அடியில் கொடுத்தார். நூல் இல்லை. துண்டில் வெறும் துளைகள் வரிசையாக விழுந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு பூவாயி கைப்பிடியைக் கழற்றினார். சுப்பையா கையை நீட்டினார்.

"இத எதுக்குக் குடுக்கணும்?" என்றார் பூவாயி, அதை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டே. "குடுத்துட்டா அடுத்த வருசம் எதுக்கு வருவ?"

வாசலுக்குப் போய், கசிந்தது போக மிஞ்சிய உப்பை உள்ளே எடுத்து வந்தார்.